சிப்பி குடித்த தண்ணீர்

(லிங்கராஜபுரத்தில் மாலை நேரப் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இன்று சிப்பியைப் பற்றிப் பேசப் போகிறேன். "கடலே இல்லாத ஊரில் சிப்பிப் பேச்சு எதற்கு?" என்று நீங்கள் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். லிங்கராஜபுரத்திலிருந்து எந்தக் கடலுக்குப் போனாலும் சாலை வழியே சுமார் 300 கிலோமீட்டர் போக வேண்டும். மேற்கே மங்களூர் சுமார் 350 கிலோமீட்டர். கிழக்கே சென்னையும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஆனால் நாம் கடலுக்குப் போகாவிட்டாலும் கடல் நம்மிடம் வருகிறது. ஐஸ் பெட்டியில் ஏறி, ராத்திரி லாரியில் வருகிறது. விடிந்தால் சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் மீன் இருக்கிறது, நண்டு இருக்கிறது, இறால் இருக்கிறது. சில கடைகளில் சிப்பியும் கல்லுமக்காயும் கிடைக்கின்றன.

இன்னொன்றும் நடக்கிறது. பெரிய ஓட்டல்கள் சிலவற்றில் பச்சைச் சிப்பியை ஐஸ் மேல் அடுக்கி, எலுமிச்சைத் துண்டு வைத்துக் கொடுக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் அப்படியே வாயில் சரித்துக்கொள்வதைப் பிள்ளைகள் கைப்பேசியில் பார்க்கிறார்கள். "நாமும் ஒரு தடவை தின்று பார்த்தால் என்ன?" என்ற ஆசை வருகிறது. அந்தச் சிப்பியைக் கழுவுகிறவர், ஓட்டைத் திறக்கிறவர், தட்டில் அடுக்குகிறவர் நம் தெருவிலிருந்து ஓட்டல் வேலைக்குப் போகிறவராகவும் இருக்கலாம். ஆகவே இந்தப் பேச்சு நமக்கும் உரியதுதான்.

சிப்பி என்றால் எது?

வெற்றிலை போடும் பாட்டிகளுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு தெரியும். கிளிஞ்சலைச் சுட்டால் சுண்ணாம்பு. அந்தக் கிளிஞ்சல்தான் சிப்பியின் ஓடு. இரண்டு ஓடுகள், புத்தகத்தின் இரண்டு அட்டை போல மூடித் திறக்கும். உள்ளே மெத்தென்ற சதை இருக்கும்.

இதில் பல வகை உண்டு. ஆற்று முகத்துவாரத்தில் மண்ணில் புதைந்து கிடப்பது மட்டி. மங்களூர்க்காரர்கள் இதை மருவாய் என்பார்கள். கடல் பாறையில் ஒட்டி வளர்வது கல்லுமக்காய். கன்னியாகுமரிப் பக்கம் இதையே சிப்பி என்பார்கள். கரடுமுரடான ஓடு உள்ளது ஆளி. ஓட்டல்களில் பச்சையாகத் தருவது பெரும்பாலும் இந்த ஆளியைத்தான். இன்றைய பேச்சில் எல்லாவற்றையும் பொதுவாகச் சிப்பி என்றே சொல்கிறேன். ஓடு உள்ள மற்ற உயிர்களான நண்டையும் நத்தையையும் பற்றி இடையில் கொஞ்சம் சொல்வேன்.

ஆசைக்குக் காரணம் என்ன?

சிப்பி கெட்ட உணவு இல்லை. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். உடம்பை வளர்க்கும் புரதச் சத்து அதில் நிறைய இருக்கிறது. ரத்தம் ஊற உதவும் இரும்புச் சத்து இருக்கிறது. துத்தநாகச் சத்து இருக்கிறது. நரம்புக்கும் ரத்தத்துக்கும் தேவையான வைட்டமின் பி12 இருக்கிறது. கடலோரத்து ஏழை வீடுகளில் பிள்ளைகளை வளர்த்த உணவு அது.

பச்சையாகத் தின்கிறவர்கள் வேறு காரணமும் சொல்கிறார்கள். மெத்தென்று வழுக்கிக்கொண்டு போகும். கடல் உப்பும் இலேசான இனிப்பும் சேர்ந்த ருசி. வேக வைத்தால் சதை சுருங்கிவிடும், அந்த ருசி மாறிவிடும் என்கிறார்கள். அது உண்மைதான். பொய் என்று நான் சொல்ல மாட்டேன். "பச்சையாகத் தின்றால் ஆண்களுக்கு வலு" என்றும் ஒரு பேச்சு உண்டு. அதற்குச் சரியான ஆதாரம் இல்லை. சிப்பியில் உள்ள புரதமும் இரும்பும் துத்தநாகமும் வேக வைத்தாலும் சதையில் இருக்கும். சத்துக்காகப் பச்சையாகத் தின்ன வேண்டிய அவசியமே இல்லை.

நம் கடற்கரை மக்களைப் பாருங்கள். கன்னியாகுமரியில் சிப்பியை அவித்து, மசாலா போட்டு வதக்குகிறார்கள். கேரளத்தில் கல்லுமக்காயில் அரிசி மாவை அடைத்து ஆவியில் வேக வைத்து, பிறகு பொரிக்கிறார்கள். மங்களூரில் மருவாயைத் தேங்காயோடு சேர்த்துச் சுக்கா செய்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகச் சிப்பியோடு வாழ்ந்த இவர்கள் எல்லோரும் அடுப்பில் ஏற்றித்தான் சாப்பிடுகிறார்கள்.

ஏன் அப்படி? சிப்பி எப்படிச் சாப்பிடுகிறது என்று தெரிந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

சிப்பி ஒரு சல்லடை

மாடு புல்லைத் தேடிப் போகும். மீன் இரையைத் தேடி நீந்தும். சிப்பி எங்கும் போகாது. இருந்த இடத்தில் இருந்தபடி தண்ணீரை உள்ளே இழுக்கும். அதில் உள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பாசியைச் சல்லடை போலப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரை வெளியே விட்டுவிடும். இதுதான் அதன் சாப்பாடு.

ஒரு பெரிய ஆளி ஒரே நாளில் 100 லிட்டருக்கு மேலும் தண்ணீரை இப்படி வடிகட்டக் கூடியது. குழாயடியில் நாம் பிடிக்கும் 15 லிட்டர் குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஏழு குடம்! உள்ளங்கை அளவு உயிர் ஒன்று நாள்தோறும் இவ்வளவு தண்ணீரைச் சலிக்கிறது.

தண்ணீர் சுத்தமாக இருந்தால் சிப்பியும் சுத்தம். தண்ணீரில் மலம் கலந்திருந்தால்? அந்தக் கிருமிகளும் சல்லடையில் தங்கும். ஒரு குடம் தண்ணீரில் கொஞ்சமாக இருந்த கிருமி, சிப்பியின் வயிற்றில் பல குடத்துக் கிருமியாகச் சேர்ந்துவிடும். சிப்பிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. தின்கிற மனிதனுக்குத்தான் ஆகும். மீனைத் தின்னும்போது குடலை எடுத்து எறிந்துவிடுகிறோம். சிப்பியைத் தின்னும்போது அதன் குடலையும் சேர்த்துத்தான் தின்கிறோம்.

சிப்பி அதிகம் வளருவது எங்கே? ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில். ஆறு எதைக் கொண்டு வருகிறது? வழியில் உள்ள ஊர்கள் விட்டதை எல்லாம் கொண்டு வருகிறது. நம் பெங்களூரையே எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தின் கிழக்குப் பக்கத்துக் கழிவுநீர், பெல்லந்தூர், வர்த்தூர் போன்ற ஏரிகள் வழியாகத் தென்பெண்ணை ஆற்றுக்குப் போகிறது. பெல்லந்தூர் ஏரியில் நுரை பொங்கியதையும், 2015, 2017, 2018 ஆண்டுகளில் அந்த ஏரியில் தீப்பிடித்ததையும் செய்தியில் கேட்டிருப்பீர்கள். தென்பெண்ணை ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியே ஓடிக் கடலூர்ப் பக்கம் கடலில் சேருகிறது. ஒவ்வொரு ஆற்றுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. கடற்கரை ஊர்களின் சாக்கடையும் இதோடு சேருகிறது.

நாம் குடிதண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறோம். பச்சைச் சிப்பி தின்பவர், காய்ச்சாத பல குடம் தண்ணீரின் அழுக்கை ஒரே வாயில் விழுங்குகிறார். இந்த ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் மனதில் பதித்துக்கொண்டாலும் போதும்.

ஷாங்காய் நகரத்தில் நடந்தது

இது எவ்வளவு பெரிய கேடாக முடியும் என்பதற்குச் சீனாவில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

1988-ஆம் ஆண்டு தொடக்கம். ஷாங்காய் என்ற பெரிய நகரம். அங்கே ரத்தச் சிப்பி என்ற ஒரு வகையை மக்கள் விரும்பித் தின்பார்கள். அதன் சாறு ரத்தம் போலச் சிவப்பாக இருக்கும். அந்தச் சாறு கெடக் கூடாது என்பதற்காக அவர்கள் அதை வேக வைக்க மாட்டார்கள். மேலே கொதிநீரைக் கொஞ்சம் ஊற்றுவார்கள். ஓடு இலேசாகத் திறக்கும். உடனே எடுத்துத் தின்பார்கள். மேலே சூடு, உள்ளே பச்சை.

அந்தச் சிப்பி வளர்ந்த கரையில் மனிதக் கழிவு கலந்திருந்தது. மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைடிஸ் ஏ என்ற வைரஸ் சிப்பிக்குள் சேர்ந்திருந்தது. சில வாரங்களில் நகரம் முழுவதும் காமாலை. சுமார் 3 லட்சம் பேர் படுத்தார்கள். ஆஸ்பத்திரியில் இடம் போதவில்லை. பள்ளிக்கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் கட்டில் போட்டு வைத்தியம் செய்தார்கள்.

நம் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூரிலும் 1983-ல் இதே போல நடந்தது. அங்கே இந்தச் சிப்பிக்குக் கெராங் என்று பெயர். அரைவேக்காட்டுக் கெராங்கினால் அந்த ஆண்டு காமாலை பரவியது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்த வைரஸ் உடம்பில் புகுந்து காமாலையாக வெளியே தெரிய 15 நாள் முதல் 50 நாள் வரை ஆகும். இன்றைக்குத் தின்றது அடுத்த மாதம் காட்டும். "போன மாதம் தின்ற சிப்பி" என்று யாருக்கு ஞாபகம் வரும்? "நான் பத்துத் தடவை தின்றேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சிலர் சொல்வதற்கும் இது ஒரு காரணம். தின்றதையும் நோயையும் அவர்கள் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

காமாலை வந்தால் கூலி வேலை செய்பவருக்குப் பல வாரச் சம்பளம் போகும். வட்டிக்குக் கடன் வாங்க வேண்டி வரும். ஒரு தட்டுச் சிப்பியின் விலை மெனு அட்டையில் போட்டிருப்பது மட்டும் இல்லை.

காமாலையோடு முடிவதில்லை. காலரா, டைபாய்டு, வயிற்றுப்போக்கு, வாந்தி ஆகியவற்றின் கிருமிகளும் இதே வழியில் வரலாம். கதகதப்பான கடல் நீரில் இயற்கையாகவே வாழும் கிருமிகளும் உண்டு. அவற்றுக்குச் சாக்கடையே தேவையில்லை. அவற்றில் ஒன்று மிகக் கொடியது. விப்ரியோ வல்னிஃபிகஸ் என்று பெயர். பெயரை நினைவில் வைக்க வேண்டாம், அதன் குணத்தை மட்டும் வையுங்கள். அது ரத்தத்தில் கலந்தால், நோய் கண்டவர்களில் ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருவர் இறந்துவிடுகிறார். சிலர் ஓரிரு நாளிலேயே இறக்கிறார்கள். இந்தக் கிருமி இருக்கும் சிப்பியில் நாற்றம் இருக்காது. பார்வைக்கும் ருசிக்கும் நல்ல சிப்பி போலவே இருக்கும்.

யார் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்?

இவர்கள் பச்சைச் சிப்பி பக்கமே போகக் கூடாது:

கல்லீரல் கெட்டவர்கள். தினமும் குடிப்பவர்களில் பலருக்குக் கல்லீரல் கெட்டிருப்பது அவர்களுக்கே தெரியாது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள்.

கர்ப்பிணிகள்.

சின்னக் குழந்தைகள், வயதானவர்கள்.

புற்றுநோய்க்கோ எச்.ஐ.வி.க்கோ மருந்து சாப்பிடுகிறவர்கள்.

ஓட்டல் வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிப்பி ஓடு கத்தி போல வெட்டும். கையில் காயம் இருந்தால் கிருமி காயம் வழியாகவும் நுழையும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெட்டுப் பட்டால் உடனே சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். காயம் வேகமாக வீங்கி, சிவந்து, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். "சிப்பி ஓடு கிழித்தது" என்று சொல்லுங்கள்.

நண்டும் இருமலும்

கடல் சிப்பியை மட்டும் பேசினால் போதாது. ஓடையிலும் வயலிலும் நண்டு இருக்கிறது.

மணிப்பூர், நாகாலாந்து, அருணாசலப் பிரதேச மலைகளில் ஓடை நண்டை அரைவேக்காடாகவோ பச்சையாகவோ தின்பவர்கள் உண்டு. அந்த நண்டுக்குள் ஒரு சின்னப் புழு இருக்கலாம். அது வயிற்றிலிருந்து கிளம்பி நுரையீரலுக்குப் போய்க் குடியிருக்கும். நீண்ட நாள் இருமல் வரும். சளியில் ரத்தம் வரும். பார்த்தால் அப்படியே காசநோய்!

1980-களிலிருந்து மணிப்பூர் டாக்டர்கள் இதைக் கண்டுபிடித்து எழுதி வருகிறார்கள். காசநோய் என்று நினைத்து மாதக் கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் குணமாகாத பலருக்கு இருந்தது இந்த நண்டுப் புழுதான். சரியாகக் கண்டுபிடித்தால் இதற்கு நல்ல மாத்திரை இருக்கிறது. சில நாளில் குணமாகும்.

அந்த மாநிலத்துப் பிள்ளைகள் இன்று கம்மனஹள்ளியிலும் நம் தெருக்களிலும் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்கள் சாப்பாட்டைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. பச்சை நண்டு யார் தின்றாலும் புழு ஒன்றுதான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டுவிட்டு, காசநோய் மாத்திரை சாப்பிடும் யாரும் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள்.

நம் வீட்டு நண்டு ரசம் நன்றாகக் கொதித்தது. அதில் பயம் இல்லை. மூலத்துக்கு நல்லது என்று சிலர் நத்தை சாப்பிடுவார்கள். அதையும் நன்றாக வேக வைத்தே சாப்பிட வேண்டும். பச்சை நத்தையில் உள்ள ஒரு வகைப் புழு மூளை வரை போய்க் கேடு செய்யும்.

வெந்தாலும் போகாத நஞ்சு

"சரி, வேக வைத்துவிட்டால் எல்லாப் பயமும் போய்விடுமா?" என்று கேட்பீர்கள். கிருமியும் புழுவும் போகும். ஆனால் ஒன்று போகாது. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

கடலில் சில சமயம் ஒரு வகை நச்சுப் பாசி பெருகும். சிப்பி அதையும் சலித்துத் தின்னும். பாசியின் நஞ்சு சிப்பியின் சதையில் தங்கும். இந்த நஞ்சு உயிர் இல்லாதது. அதனால் கொதிக்க வைத்தாலும் சாகாது, கரைந்தும் அழியாது.

1981-ல் தமிழ்நாட்டில் மட்டி தின்ற 85 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 3 பேர் இறந்தார்கள். 1997 செப்டம்பரில் திருவனந்தபுரத்துக்கு அருகே விழிஞ்ஞத்தில் கல்லுமக்காய் தின்ற சுமார் 500 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 7 பேர் இறந்தார்கள். அவர்கள் ஏழை மீனவர்கள். காலம் காலமாகத் தின்ற உணவுதான். அந்தச் சில நாளில் மட்டும் கடல் மாறியிருந்தது.

இந்த நஞ்சின் அடையாளம் என்ன? தின்ற அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் உதடு, நாக்கு, முகம் மரத்துப் போகும். விரல் நுனியில் ஊசி குத்துவது போல இருக்கும். பிறகு கை கால் தளரும். மூச்சு விடச் சிரமமாகும். இதற்கு மாற்று மருந்து இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் செயற்கை மூச்சுக் கொடுத்துக் காப்பாற்ற முடியும். முதல் நாளைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். எனவே வீட்டில் வைத்துக்கொண்டு கை மருந்து பார்க்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு உடனே போக வேண்டும்.

ஆகவே, "இந்தக் கடற்கரையில் சிப்பி எடுக்காதீர்கள்" என்று மீன்வளத் துறை சொன்னால் கேட்க வேண்டும். ஊருக்கோ உல்லாசப் பயணத்துக்கோ போகும்போது, சாக்கடை விழும் இடத்திலும் துறைமுகத்தின் அருகிலும் பிள்ளைகள் சிப்பி பொறுக்கித் தின்ன விடாதீர்கள்.

வெளிநாட்டில் தின்கிறார்களே?

பிரான்சிலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஆளியைப் பச்சையாகத் தின்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் இரும்பு வயிறா? இல்லை. அவர்களும் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

1924 முடிந்து 1925 பிறந்த குளிர்காலம். அமெரிக்காவில் நியூயார்க், சிகாகோ, வாஷிங்டன் நகரங்களில் டைபாய்டு காய்ச்சல் பரவியது. சுமார் 1,500 பேருக்கு நோய். சுமார் 150 பேர் சாவு. சாக்கடை கலந்த நீரில் இருந்த ஆளிதான் காரணம் என்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான் அங்கே கடுமையான விதிகள் வந்தன. சிப்பி வளரும் தண்ணீரைச் சோதிக்கிறார்கள். கெட்ட தண்ணீரில் எடுக்கத் தடை போடுகிறார்கள். ஒவ்வொரு மூட்டையிலும் எந்த இடத்தில், எந்தத் தேதியில் எடுத்தது என்று சீட்டுக் கட்டுகிறார்கள். சில நாடுகளில், சிப்பியைச் சுத்தமான நீர்த் தொட்டியில் ஒன்றிரண்டு நாள் வைத்து, வயிற்று அழுக்கைக் கழிய விட்டு விற்கிறார்கள்.

இவ்வளவு செய்தும் அங்கேயும் ஒவ்வோர் ஆண்டும் சிலர் நோயில் விழுகிறார்கள். நாம் சந்தையில் வாங்கும் கூடையில் சீட்டு இருப்பதில்லை. எந்தத் தண்ணீரில் எடுத்தது என்று விற்பவருக்கே பல சமயம் தெரியாது. அவர்களைப் பார்த்து நாம் பச்சையாகத் தின்பது, நீச்சல் தெரிந்தவனைப் பார்த்துத் தெரியாதவன் கிணற்றில் குதிப்பது போலத்தான்.

வாங்குவதும் சமைப்பதும்

ஓட்டோடு வாங்கும் சிப்பி உயிரோடு இருக்க வேண்டும். ஓடு மூடி இருந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். திறந்திருந்தால் விரலால் தட்டிப் பாருங்கள். மூடிக்கொண்டால் எடுக்கலாம். மூடாவிட்டால் செத்தது. எறிந்துவிடுங்கள். உடைந்த ஓடும் வேண்டாம்.

வாங்கியதை அன்றே சமையுங்கள். அது வரை ஐஸிலோ குளிர்ப்பெட்டியிலோ வையுங்கள். ஓட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். ஆனால் கழுவுவதால் உள்ளே உள்ள கிருமி போகாது என்பதை மறக்க வேண்டாம்.

கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள். ஓடு திறந்ததும் வெந்துவிட்டது என்று இறக்கிவிடாதீர்கள். ஷாங்காயில் அதுதான் நடந்தது. ஓடு திறந்த பிறகும் 5 நிமிடம் கொதிக்க வேண்டும். ஆவியில் வேக வைத்தால், திறந்த பிறகு 10 நிமிடம். பானையை நிரப்பிவிடாதீர்கள். நடுவில் இருப்பது வேகாமல் நிற்கும். வெந்த பிறகும் திறக்காத சிப்பியைத் தின்னாதீர்கள்.

பச்சைச் சிப்பி வெட்டிய கத்தியையும் பலகையையும் சோப்பு போட்டுக் கழுவாமல் அதில் வெங்காயம், வெள்ளரிக்காய் நறுக்கக் கூடாது.

கேள்வி நேரம்

பேச்சு முடிந்ததும் சிலர் கேள்வி கேட்டார்கள். அவற்றையும் பதிலையும் கீழே தருகிறோம்.

கேள்வி: எலுமிச்சம்பழம் பிழிந்து, மிளகாய்த்தூள் போட்டால் கிருமி செத்துவிடும் என்கிறார்களே?

பதில்: சாகாது அக்கா. புளிப்பும் காரமும் நாக்குக்குத்தான். கிருமியைக் கொல்லும் வேலையை நெருப்புதான் செய்யும்.

கேள்வி: பிராந்தி குடித்துக்கொண்டே தின்றால் ஒன்றும் ஆகாது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார்.

பதில்: அதுவும் தவறு. குடித்தாலும் கிருமி சாகாது. அதோடு, குடியால் கல்லீரல் கெட்டவருக்குத்தான் பச்சைச் சிப்பி எமன். அவருக்கு இரட்டை ஆபத்து என்று சொல்லுங்கள் அம்மா.

கேள்வி: ஐஸில் வைத்தது சுத்தம்தானே?

பதில்: ஐஸ் சிப்பியைக் கெடாமல் வைக்கும். கிருமி பெருகுவதைத் தடுக்கும். உள்ளே ஏற்கெனவே இருக்கும் கிருமியைக் கொல்லாது. காமாலை வைரஸ் குளிரில் பத்திரமாக இருக்கும்.

கேள்வி: நான் ஓட்டலில் வேலை செய்கிறேன். மிஞ்சிய பச்சைச் சிப்பியைத் தின்னச் சொன்னால்?

பதில்: "வேக வைத்துத் தாருங்கள் அண்ணா, தின்கிறேன்" என்று சொல்லுங்கள் தம்பி. அதில் வெட்கம் இல்லை. பல மணி நேரம் மேசையில் இருந்த மிச்சம் என்றால் வெந்ததும் வேண்டாம்.

கேள்வி: வெந்த சிப்பி தின்றாலும் எனக்கு உடம்பெல்லாம் தடித்து அரிக்கிறதே?

பதில்: அது ஒவ்வாமை. சிலர் உடம்புக்குச் சிப்பி, நண்டு, இறால் சேராது. வேக வைத்தாலும் சேராது. நீங்கள் முழுவதும் விட்டுவிடுவதுதான் நல்லது. முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேள்வி: தின்று வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் முதலில் என்ன செய்வது?

பதில்: உடம்பில் தண்ணீர் வற்றக் கூடாது. காய்ச்சி ஆறிய தண்ணீர் 1 லிட்டர். அதில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். அரசு மருத்துவமனையில் இதற்கான பொட்டலமும் கிடைக்கும். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், மயக்கம், சிறுநீர் போகாமை, கண் மஞ்சளாதல் இவற்றில் எது தெரிந்தாலும் டாக்டரிடம் போங்கள். என்ன தின்றீர்கள், எப்போது தின்றீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

நினைவில் வைப்போம்

1. சிப்பி ஒரு சல்லடை. அது வளர்ந்த தண்ணீரின் அழுக்கு அதன் வயிற்றில் இருக்கும்.

2. எலுமிச்சை, காரம், சாராயம், ஐஸ் எதுவும் கிருமியைக் கொல்லாது. நன்றாக வேக வைத்தால்தான் கிருமி சாகும்.

3. ஓடு திறந்த பிறகும் 5 நிமிடம் கொதிக்க வேண்டும்.

4. சிப்பி தின்றபின் உதடு மரத்துப் போனால், வேக வைத்துத் தின்றிருந்தாலும், உடனே ஆஸ்பத்திரி.

5. நண்டும் நத்தையும் பச்சையாக வேண்டாம்.

நண்பர்களே, சிப்பியைக் கண்டு பயந்து ஓட வேண்டாம். மூச்சடக்கிக் கடலுக்குள் மூழ்கி, பாறையிலிருந்து சிப்பியைப் பெயர்த்து எடுக்கிறார்கள். சேற்றில் இறங்கி மட்டி பொறுக்குகிறவர்களில் பெண்கள் நிறையப் பேர். நாம் வாங்கினால்தான் அவர்கள் வீட்டில் உலை கொதிக்கும். வாங்குவோம். நம் வீட்டு உலையிலும் அதை நன்றாகக் கொதிக்க விட்டுச் சாப்பிடுவோம்.